விழாவுக்குக் காசு இருக்கிறது, பழகுவதற்கு இல்லை

மாவட்டத்தின் கலை, பண்பாட்டு நிதியைப் பங்கிடும் தெரிவுக்குழுவினருக்கு,

எங்கள் கலைக்கூடத்தின் விண்ணப்பத்தை நிராகரித்து நீங்கள் அனுப்பிய கடிதம் கைக்கு வந்தது. மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். நாங்கள் கேட்டது மீண்டெழும் செலவினம், அதாவது வருடா வருடம் திரும்பத் திரும்ப வருகிற செலவு, அதற்கு இந்த நிதியில் இடமில்லை. திட்டத்தில் புத்தாக்கம் போதாது. பயன்பெறுவோர் தொகை குறைவு. விளக்கம் எழுதி அனுப்பினோம், பதில் இல்லை. நேரில் வந்து கேட்டோம், கோப்பு மேலே போய்விட்டது என்றார்கள். எந்த மேலே என்று அங்கிருந்த யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்கள் கோப்பில் எங்கள் பதிவு இலக்கம் இருக்கிறது, இடம் இல்லை. அதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில், மீள்குடியேறிய ஊர் ஒன்றில், ஒரு வளவுக்குள் நிற்கிற சீற் போட்ட மண்டபம்தான் எங்கள் கலைக்கூடம். உள்ளே ஒரு மேடை, சில வாங்குகள், இரண்டு மின்விசிறி, ஓர் அலுமாரி. சனி, ஞாயிறு பின்னேரங்களில், பாடியே நடிக்கிற இசை நாடகம் பழக்குகிறோம். கிழமை நாளொன்றில் மிருதங்க வகுப்பு. கட்டணம் வாங்குவதில்லை. வருகிற பிள்ளைகளில் அரைவாசிக்கு மேல் கடற்றொழில் செய்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள், மிச்சம் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வாடைக் காலத்தில் கடலும் இல்லை, காசும் இல்லை. அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் ஒழுங்காக வருவார்கள். அந்த மாதங்களில்தான் கூரையும் ஒழுகும்.

நாங்கள் கேட்டது என்ன? கறண்ட் பில், நாடகம் பழக்குகிற ஆசானான அண்ணாவியாருக்குப் போக்குவரத்துக் காசும் சிறு கொடுப்பனவும், வாத்தியத் திருத்த வேலை, மாரிக்கு முன் மாற்ற வேண்டிய கூரைச் சீற்றுகள். வருடம் முழுவதற்கும் சேர்த்துக் கூட்டினாலும், பெரிய விழா ஒன்றுக்குப் பந்தலும் ஒலி அமைப்பும் பிடிக்கிற காசுக்குக் கிட்டவும் வராது. இதைக் கேட்டதற்குத்தான் 'மீண்டெழும் செலவினம்' என்று சிவப்பு மையால் கோடு கீறியிருக்கிறீர்கள்.

பழகுவது என்பதே மீண்டெழுகிற வேலைதானே! ஒருமுறை பழக்கிவிட்டு, திறப்பு விழா வைத்து, படம் எடுத்து அறிக்கையில் ஒட்ட முடியாது. ஒரு விருத்தத்தைச் சுருதி விலகாமல் பாட ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்காகும். பாட்டு வந்த பிறகு, பாடிக்கொண்டே நடக்கப் பழக வேண்டும். நடக்க வந்த பிறகு, எதிரே நிற்கிறவர் வரியை மறந்தால் ஆர்மோனியக்காரர் இழுத்து நிரப்பும் வரை முகம் மாறாமல் நிற்கப் பழக வேண்டும். அது எந்தக் கொப்பியிலும் எழுதியில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

அந்த ஆர்மோனியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துருத்தியின் மடிப்பு ஒன்று கிழிந்து, சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறோம். நடுவில் ஒரு கட்டை அமத்தினால் எழும்பாது. எங்கள் அண்ணாவியார் வலக்கைப் பெருவிரல் நகத்தால் அதைக் கிளப்பிவிட்டபடியே அடுத்த சுரத்துக்குப் போய்விடுவார். முதல்முறை கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தச் சுரம் வருகிற இடத்தில் எல்லோருடைய கண்ணும் அவர் விரலில்தான் இருக்கும். புது ஆர்மோனியம் இந்தியாவிலிருந்து வர வேண்டும். 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, சேர்த்து வைத்திருந்த காசு அப்படியே இருந்தது, ஆர்மோனியம் மட்டும் எட்டாத தூரம் போய்விட்டது. அதன் பிறகு நாங்கள் விலை கேட்கவும் இல்லை.

மின் கட்டணத்தின் கதை உங்களுக்கும் தெரியும், உங்கள் வீட்டுக்கும் பில் வந்திருக்கும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பிறகு குறைத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏறியிருந்த காலத்தில் பட்ட கடன் குறையவில்லையே. அந்த மாதங்களில் மின்விசிறியை நிறுத்தினோம், பிறகு மேடை விளக்கை நிறுத்தினோம், பிறகு ஒத்திகையைப் பொழுதுபடுவதற்கு முன் முடித்துக்கொண்டோம். தொழிலுக்குப் போய் வருகிற பெடியளுக்கு அந்த நேரம் சரிவரவில்லை. அவர்களில் சிலர் அதோடு நின்றுவிட்டார்கள். உங்கள் கடிதத்தில் 'பயன்பெறுவோர் தொகை குறைவு' என்று இருக்கிறதே, அந்தக் குறைவில் இவர்களும் அடக்கம்.

உள்ளூராட்சி மன்றத்திடம் கேட்டிருக்கலாமே என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் வரை கேட்பதற்கு உறுப்பினர் என்று ஒருவர் இருக்கவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதன் பின் தேர்தலே நடக்கவில்லை. எங்கள் கையில் மிஞ்சியிருந்த கதவு உங்களுடையதுதான்.

இனிப் புத்தாக்கம். விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு புதுச் சொல் வருகிறது. ஒரு வருடம் நல்லிணக்கம். அடுத்த வருடம் போதைப்பொருள் தடுப்பு. பிறகு காலநிலை மாற்றம். மூன்றும் முக்கியமான விடயங்கள், சந்தேகமில்லை. ஆனால் அரிச்சந்திரன் மயானத்தில் நின்று பிளாஸ்ரிக் கழிவைப் பற்றிப் பாடினால்தான் கறண்ட் பில் கட்டலாம் என்றால், நாங்கள் பழக்குவது எந்த நாடகம்? உண்மையைச் சொன்னால், அப்படி எழுதிக் காசு எடுக்கிற கெட்டித்தனம் சில மன்றங்களுக்கு இருக்கிறது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் பில் வருகிறது. ஆனால் அந்த விளையாட்டை உருவாக்கியது உங்கள் படிவம். பிள்ளைகள் பின்னேரங்களில் ஒழுங்கைச் சந்தியில் நிற்காமல் எங்களிடம் வருகிறார்கள், அது எங்களுக்கும் சந்தோஷம்தான். அதற்காக அவர்களைப் 'போதைக்கு அடிமையாகும் அபாயத்தில் உள்ளோர்' என்று எழுதிக் கையெழுத்து வைக்க என் கை போகாது. அவர்கள் பாட வருகிற பிள்ளைகள்.

புதுமை என்று ஒன்று எங்களிடம் இல்லாமலும் இல்லை. முந்திய நாட்களில் இசை நாடகத்தில் பெண் வேடத்தைப் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள். இன்று எங்கள் மண்டபத்தில் சந்திரமதியை ஒரு பெண் பிள்ளை பாடுகிறாள். ஆண் குரலுக்கென்று வைத்த சுருதியை மாற்றி, அவளுக்குப் பொருந்தும்படி பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்த அண்ணாவியார் ஒரு பருவத்தையே செலவழித்தார். எழுபதைத் தாண்டியவர் தன் கைக்குப் பழகிப்போன கட்டைகளை விட்டு வேறு கட்டைகளுக்கு இறங்குவது சின்ன வேலை இல்லை. அதைப் படிவத்தில் எழுதினோம். புத்தாக்கம் என்ற பெட்டிக்கு நேரே 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் இந்தக் கலைக்கு என்ன வேர் என்று குழுவில் உள்ள மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடிகமணி வி. வி. வைரமுத்து காங்கேசன்துறைக்காரர். வசந்த கான சபா என்ற தன் நாடகக் குழுவை வைத்துக்கொண்டு அவர் ஊர் ஊராக 'மயான காண்டம்' ஆடிய காலத்தில், கோயில் வீதியில் பாயோடு வந்து விடிய விடிய இருந்தவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். 1989இல் அவர் காலமானார். அடுத்த வருடம், 1990 ஜூனில், அந்தப் பகுதியே இடம்பெயர்ந்தது. பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். காணிகள் கட்டம் கட்டமாக, வருடக்கணக்கில் இழுத்துத்தான் விடப்பட்டன. இடையில் முகாம்கள், வாடகை வீடுகள், 1995இன் பெரிய இடப்பெயர்வு. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை தரம் ஓடலாம்? பாட்டுக் கொப்பிகள் போயின, உடுப்புப் பெட்டிகள் போயின, திரைச்சீலைகள் போயின.

பெரிய இழப்பு அதுவும் இல்லை. அந்த வருடங்களில் பழகியிருக்க வேண்டியவர்கள் பழகவில்லை. இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்க வேண்டிய கலைஞர்களில் பலர் ரொறன்ரோவில், லண்டனில், பாரிசில் இருக்கிறார்கள். பலர் இல்லவே இல்லை. எங்கள் மண்டபத்தில் ஒரு பக்கம் எழுபது கடந்த அண்ணாவியார், மறுபக்கம் பதினாலு வயதுப் பிள்ளைகள். நடுவில் ஆள் கிடையாது. அண்ணாவியாரின் மூட்டுவலி கூடினால் அடுத்த சனிக்கிழமை யார் வந்து கட்டை அமத்துவது என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அடுத்த நிதியாண்டில் யோசிக்கலாம் என்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார். எங்களுக்குக் குறைவாக இருப்பது நிதியாண்டு.

அந்த அண்ணாவியாருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி உண்டு. விருதும் கொடுத்தீர்கள். ஆனால் இரண்டு பஸ் மாறி எங்கள் மண்டபத்துக்கு வருகிற காசு அவர் மகளின் கைப்பையிலிருந்துதான் வருகிறது. பொன்னாடையை நடத்துநரிடம் நீட்ட முடியாது.

கட்டணம் அறவிடுங்கள், சொந்தக் காலில் நில்லுங்கள் என்ற ஆலோசனையும் கடிதத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எந்தக் கலைக்குக் கட்டணம் கட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? பரதத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் கட்டுவார்கள், கட்டவும் வேண்டும். வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைக்கிறது, சான்றிதழ் வருகிறது, பிள்ளைக்கு நாளைக்கு உதவும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். இசை நாடகத்தில் பெற்றோருக்கு அப்படி ஒரு நம்பிக்கை இல்லை. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் 'நாடகமும் அரங்கியலும்' பாடம் இருக்கிறது. அதற்கு ரியூசன் கொட்டிலில் நோட்ஸ் கொடுக்கிறார்கள். இசை நாடகத்தின் பண்புகளை வரிசைப்படி எழுதி நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை ஒன்று எங்கள் மண்டபத்துக்கு வந்து, ஆர்மோனியத்தின் துருத்தியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டது. பிள்ளையில் பிழை இல்லை. பார்த்தால்தானே தெரியும்.

முன்பு இந்தக் கலைக்கு மானியம் யாரும் தரவில்லையே, கோயிலும் சனமும்தானே காத்தது என்பார்கள். சரி. அன்று கோயில் திருவிழாவில் நாடகம்தான் இரவைப் பிடித்தது. இன்று அந்த மேடையும் அந்தக் காசும் இசைக்குழுவுக்குப் போகிறது. உபயகாரர் விரும்புகிறதைத்தான் வைப்பார்கள், அவர்களோடு சண்டை பிடிக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கலையை வளர்த்தவர்களில் பெரும்பாலானோர் காணியும் பட்டமும் பதவியும் இல்லாதவர்கள். தங்களுக்குப் பின் கலையைத் தாங்க ஓர் அறக்கட்டளையையோ கட்டடத்தையோ அவர்களால் விட்டுச்செல்ல முடியவில்லை. பாட்டைத்தான் விட்டுச்சென்றார்கள்.

வெளிநாட்டு ஊர்ச்சங்கங்களையும் நீங்கள் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். மண்டபத்தின் தூணும் மேடையும் அவர்கள் தந்தவைதான், வாசலில் கல்வெட்டு இருக்கிறது. அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் கட்டடத்துக்கு வருகிற காசு அதை நடத்துவதற்கு வருவதில்லை. கறண்ட் பில்லில் அப்பா, அம்மாவின் பெயரைப் பொறிக்க இடம் இல்லை, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? இதே கண்ணோட்டம் ஒரு பொது நிதிக்கும் இருக்கலாமா என்பதே என் கேள்வி.

நகரில், பொது நூலகத்துக்குப் பக்கத்தில், இந்திய அரசின் கொடையாகப் பதினொரு மாடிப் பண்பாட்டு மையம் எழுந்து நிற்கிறது. 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு. நல்ல அரங்கு, எங்களுக்கு அதில் பெருமைதான். 2025 ஜனவரியில் அதன் பெயர் மாறியபோது ஊரெல்லாம் ஒரு கிழமைக்கு மேல் அதைப் பற்றியே கதைத்தது. அந்த மேடையில் ஏறப்போகிறவர்கள் எங்கே பழகுகிறார்கள் என்று மட்டும் யாரும் கதைக்கவில்லை. அவர்கள் மின்தூக்கியில் ஏறி வரப்போவதில்லை. இணுவிலில், அளவெட்டியில், பாசையூரில், நாவாந்துறையில், வட்டுக்கோட்டையில், கரவெட்டியில் யாரோ ஒருவருடைய முற்றத்திலோ ஒழுகுகிற மண்டபத்திலோதான் அவர்கள் உருவாக வேண்டும். அந்த 600 கதிரைகளுக்கு முன்னால் யாரை நிறுத்தப் போகிறீர்கள்?

காசு வருகிற முறையையும் சொல்லாமல் விட முடியாது. போன தடவை உதவி கிடைத்தபோது அது கார்த்திகை மாதத்தில் வந்தது. டிசம்பர் 31க்குள் செலவழித்துப் பற்றுச்சீட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிவிடும். வருடம் முழுக்க அண்ணாவியாருக்குக் கொடுக்க வேண்டிய காசை ஆறு கிழமைக்குள் எப்படிக் கொடுப்பது? கடைசியில், தேவையில்லாத ஒரு நிகழ்ச்சியை வைத்து, பந்தல்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் கொடுத்துக் கணக்கை முடித்தோம். உங்கள் அறிக்கையில் அது வெற்றி. கணக்காய்வாளரின் சான்று வேறு கேட்கிறீர்கள். எங்களைப் போன்ற ஓர் இடத்துக்கு அவரது கட்டணமே மானியத்தில் ஒரு கடி.

ஆகவே, நாங்கள் கேட்பவை இவை.

எங்கள் விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். அதற்கு முன் குழுவில் இருந்து இருவராவது ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ஒத்திகைக்கு வாருங்கள். அறிவித்துவிட்டு வர வேண்டாம். அறிவித்தால் யாராவது மாலை வாங்கி வைப்பார்கள். வந்து வாங்கில் இருந்து பாருங்கள், பிறகு பயன்பெறுவோர் தொகையை எழுதுங்கள்.

வருடாந்த நிதியில் ஐந்தில் ஒரு பங்கையாவது, தொடர்ந்து பழக்குகிற சிறிய கலைக்கூடங்களின் நடைமுறைச் செலவுக்கென்று ஒதுக்குங்கள். அதை ஒரு வருடத்துக்கென்று இல்லாமல் மூன்று வருடத்துக்கு உறுதிப்படுத்துங்கள். முதல் தவணையை மார்ச் முடிவதற்குள் விடுங்கள். இந்தப் பங்குக்குப் புத்தாக்கம் என்ற நிபந்தனை வேண்டாம். வாரம் தவறாமல் வகுப்பு நடக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள், கடுமையாகவே பாருங்கள். நடக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

மூத்த அண்ணாவிமாருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் பழக்குவதற்கென்று மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றை அவர்களுடைய வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். எங்கள் கை வழியாகப் போகத் தேவையில்லை. குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த மானியங்களுக்குக் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் பற்றுச்சீட்டுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் வந்து கொப்பியைப் புரட்டிப் பாருங்கள்.

இந்த வருடம் யார் யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற முழு விபரத்தையும் வெளியிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நாட்டில் இருக்கிறது. கேட்டால் தர வேண்டிய விபரம்தான் இது. கேட்க வைக்காமல் தந்தால் நல்லது.

அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளை அனுப்புவதற்கு முன், இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். பதிலை எங்கள் அறிவித்தல் பலகையில் அப்படியே ஒட்டுவோம். இந்தப் பின்னேரமும் வகுப்பு இருக்கிறது. எங்கள் முகவரி உங்கள் கோப்பில் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர், நிர்வாக சபைக்காக